பெரிய ஏரியில் தூண்டிலுக்கு எந்தெந்த மீன்கள் சிக்கும்?

கேள்வி – கரையோரன்

வணக்கம். சிறு குளங்களில் மண்புழுவைக் கோத்துத் திலேப்பியாவும் கெளுத்தியும் பிடித்துப் பழகிய நான், இப்போது எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பரந்த ஏரி ஒன்றில் தூண்டில் போட விரும்புகிறேன். கெண்டை வகைகளும் விராலும் வாளையும் அதில் உண்டு என்கிறார்கள். கரையில் இருந்தபடியே இவற்றுள் எவற்றை எதிர்பார்க்கலாம்? ஒரே இரையும் ஒரே ஆழமும் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பதில் – நீர்க்காகம்

பொருந்தாது. கெண்டை இனங்களைப் பொறுத்தவரை, வாய் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே அந்த மீன் எந்த மட்டத்தில் மேயும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பெருத்த தலையும் மேல்நோக்கிய வாயும் கொண்ட கட்லா, மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது. ஆகவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே குறைந்த அளவு நரம்பு விட்டு, மெல்லக் கரைந்து பரவும் மாவு உருண்டையைப் பயன்படுத்துங்கள். ரோகு பெரும்பாலும் இடைமட்டத்தில் திரியும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமண்ணைக் கிளறி உண்பவை என்பதால், ஈயக்குண்டு கட்டித் தரையில் கிடத்திய இரைக்கு இவற்றில் ஒன்று வரக்கூடும்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய நீரில் அவை பொதுவாக இனம் பெருக்குவதில்லை. 1957இல் இந்திய மீன்வள அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி, மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இத்தகைய கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டினார். குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கி ஏரிகளில் விடும் வழி அதன்பின்தான் திறந்தது. எனவே ஆறு வந்து சேராத ஏரியில் இவை இருந்தால், யாரோ குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று பொருள். கடைசியாக எந்த ஆண்டில் விட்டார்கள் என்று தெரிந்தால், எவ்வளவு பருமனான மீனுக்கு ஏற்ற நரம்பும் முள்ளும் வேண்டும் என்று ஊகிக்கலாம்.

பதில் – பாசிமேடு

விராலை நடு ஏரியில் தேடுவது வீண். அல்லியும் கோரையும் அடர்ந்த ஆழம் குறைந்த ஓரங்களில்தான் அது பதுங்கியிருக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீனாகையால், அவ்வப்போது மேலே வந்து நீர்ப்பரப்பைக் குலைத்துச் செல்வதே அதன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும். சிறு மீனையோ, தவளையைப் போன்ற செயற்கை இரையையோ பாசியின் விளிம்பில் இழுத்தால் பாய்ந்து கவ்வும். ஆனால் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே மிதப்பதைக் கண்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அந்த நேரத்தில் விரால் பிடிப்பதை நான் திறமையாகவே கருதுவதில்லை.

வாளை இரவில் இரை தேடுவது. அகன்ற வாயில் கூரிய சிறு பற்கள் நெருக்கமாக இருப்பதால் முள்ளைக் கழற்றக் குறடு கட்டாயம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியக்கூடிய நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. பிடித்தாலும் திரும்ப நீரில் விடுவதே முறை.

பதில் – ஈயக்குண்டு

நீர்க்காகம் சொன்ன அடிமட்ட இரைக்கு ஒரு வரம்பு உண்டு. ஆழமான ஏரிகளில் கோடையில் சூடேறிய மேல்நீர், கீழுள்ள குளிர்ந்த நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடும். அப்போது அடியில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் ஆழத்தை விட்டு மேலேறிவிடும். அந்தப் பருவத்தில் மிக ஆழமான பகுதியில் இரையைக் கிடத்துவதைவிட, ஓடை வந்து விழும் முகத்துவாரமோ சரிவான கரையோ மேல்.

வெள்ளிக் கெண்டை துள்ளுவதைக் கண்டு ஏமாற வேண்டாம். நுண்பாசியை வடிகட்டி உண்ணும் அது முள்ளில் கோத்த புழுவை அரிதாகவே தீண்டும். புல் கெண்டைக்கு மென்மையான நீர்த்தாவரத் தண்டையே இரையாகக் கோக்கலாம்.