பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தது நிஜமா, கட்டுக்கதையா?

கீழ்மலை ஜீப்
வணக்கம். பத்து வருஷமாகத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். ஒரு வளைவில் தட்டையாக ஒரு பாறை உண்டு, இன்ஜின் சூடு ஆறட்டும் என்று அங்கே நிறுத்துவேன். சும்மா நிற்பானேன் என்று ஒரு நாள் "இந்த இடத்தில்தான் பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்தினான்" என்று அடித்துவிட்டேன். இப்போது மற்ற டிரைவர்களும் அதையே சொல்கிறார்கள். போன மாசம் ஒரு பையன் என்னிடமே வந்து "அண்ணே, அந்தப் பாறையில மயில் கால்தடம் இருக்காமே" என்கிறான்!

விஷயம் அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்த ஒரு சின்னப் பெண், "மயிலுக்கு உடம்பெல்லாம் இறகு இருக்கே அங்கிள், அதுக்கு எப்படிக் குளிரும், ராஜாவுக்கு அதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். பதில் வரவில்லை. பேகன் என்று ஒருவன் இருந்தானா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

பழைய தமிழ் வாத்தியார்
பாறைக்கு உங்களை மன்னிக்கிறேன் தம்பி, தலபுராணம் பாதி அப்படித்தான் பிறக்கிறது.

ஆள் இருந்தான் என்றே நினைக்கிறேன். வையாவிக் கோப்பெரும் பேகன், ஆவியர் குடித் தலைவன். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே நெடுவேள் ஆவியின் பொதினி வருகிறது, அந்தப் பொதினிதான் இன்றைய பழனி என்பார்கள். (முருகனிடம் "பழம் நீ" என்று சொன்னதால் பழனி என்பது பின்னால் வந்த சொல் விளையாட்டு.) பழனி மலையடிவாரக் கோயிலான திருஆவினன்குடியின் பெயரிலும் அந்த ஆவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. புறநானூற்றில் 141 முதல் 147 வரை ஏழு பாட்டு அவனைப் பற்றியவை. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். நாலு பேர் சேர்ந்து இல்லாத ஒருவனிடம் போய்ப் பரிசு கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் குழந்தையின் கேள்விக்குப் பரணரே பதில் வைத்திருக்கிறார். 141இல் "உடாஅ போரா ஆகுதல் அறிந்தும்" என்கிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான். 145இல் அதே பரணர் "மடத்தகை மாமயில் பனிக்கும் என்று அருளி" என்கிறார், மயில் நடுங்குமே என்று இரங்கிக் கொடுத்தான். ஒரே புலவர் இரண்டு விதமாகச் சொல்கிறார், அவர் நேரில் நின்று பார்த்து எழுதிய மாதிரி இல்லை. ஊரில் ஏற்கெனவே உலவிய பேச்சு என்பது என் எண்ணம். அப்புறம் சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தியபோது பேகனுக்கு மயில், பாரிக்கு முல்லை என்று ஆளுக்கொரு அடையாளம் நிலைத்துவிட்டது.

கொய்யாத்தோப்பு
ஆயக்குடியிலிருந்து எழுதுகிறேன். மயில் தோகை விரித்து ஆடுவதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? தோகை முழுக்க வெடவெடவென்று அதிரும், சரசரவென்று சத்தம்கூடக் கேட்கும். மழை மூட்டத்தில், ஈரக்காற்று அடிக்கும்போது அதைப் பார்க்கிறவனுக்கு நடுங்குகிற மாதிரித்தான் தோன்றும். பேகனை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இருந்தால் என் தோட்டத்துக்கு வந்து பார்க்கட்டும், போட்ட விதையெல்லாம் கொத்திப் போகிறது, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் கை வைக்கவும் முடியாது. போர்வை ஒன்றுதான் பாக்கி.

மலையடிவாரம்
எல்லாவற்றையும் நோண்டினால் எதுவும் மிஞ்சாது. நாளைக்குப் போகர் சித்தரையும் இப்படிக் கேட்பீர்கள். இரக்கம் என்கிற குணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை, அவ்வளவுதான், விட்டுவிடுங்கள்.

பழைய தமிழ் வாத்தியார்
விடலாம் சார், ஆனால் நோண்டினால்தானே அடியில் இருப்பது தெரிகிறது. அந்த ஏழு பாட்டில் ஐந்து, 143 முதல் 147 வரை, கொடையைப் புகழ வந்தவையே அல்ல. பேகன் மனைவியைப் பிரிந்து முல்லைவேலி சூழ்ந்த நல்லூரில் வேறொருத்தியிடம் போய்க்கொண்டிருந்தான். மனைவி பெயர் கண்ணகி. பாட்டுக்குள் அந்தப் பெயர் வராது, பாட்டின் அடியில் உள்ள பழைய குறிப்பில்தான் இருக்கிறது. சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கபிலர் பாடப் போன இடத்தில் அவள் புல்லாங்குழல் ஏங்குகிற மாதிரி அழுதாளாம். பரணர் 145இல் முதலில் மயிலை எடுத்து வைத்துவிட்டு, "பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தாரின் பாரமும் இல்லை, இன்று இரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசு" என்கிறார். மயிலுக்கு இரங்கியவனுக்கு வீட்டில் இருப்பவள் கண்ணில் படவில்லையா என்று குத்துகிறார். நாம் குத்தலை விட்டுவிட்டு மயிலை மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டோம்.

கீழ்மலை ஜீப்
ஐயா, இன்று அதே வளைவில் நிறுத்தி, பாறைக் கதை நான் விட்ட புருடா என்று ஒப்புக்கொண்டு இதைச் சொன்னேன். ஆண்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா மட்டும் "அப்புறம் அவன் வீட்டுக்குப் போனானா இல்லையா?" என்று விடாமல் கேட்டார். போனானா?

பழைய தமிழ் வாத்தியார்
எந்தப் பாட்டிலும் இல்லை தம்பி.

கொய்யாத்தோப்பு
போயிருந்தால் அஞ்சு பாட்டு வேண்டியிருந்திருக்குமா!