புதுப்பிப்பு: ஊட்டியில் காட்டுயிர் உயிரியல் சேர்ந்துவிட்டேன்

விலங்கியல் முடித்துவிட்டு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல் சேரலாமா, வேலை கிடைக்குமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். சரி, சேர்ந்துவிட்டேன்.

புலி பார்ப்பதுதான் படிப்பு என்று நினைத்தது என் அசட்டுத்தனம். விடியற்காலையில் நேர்கோட்டில் நடந்து, புள்ளிமான் கூட்டம் எத்தனை மீட்டரில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். அதிலிருந்துதான் அடர்த்தியை, அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மான் என்பதைக் கணக்கிடுவார்கள். புள்ளியியலுக்குப் பயப்படுகிறவர்கள் யோசித்து வாருங்கள்.

காப்பக மேலாண்மை என்றால் பாதி நேரம் உண்ணிச்செடி (லண்டானா என்ற அயல்நாட்டுப் புதர்) பேச்சுதான். 688 சதுர கிலோமீட்டர் முதுமலைப் புலிகள் காப்பகத்தில் அந்தச் செடி மூடிய இடங்களில் மானுக்குப் புல் இல்லை. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, அப்புறம் நாட்டுப் புல்லை வளர்க்க வேண்டும். (காலில் ஏறும் உண்ணி தனிக்கதை.)

வேலையா? வனத்துறை வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. வனத்தொழில் பழகுநர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.