புதுப்பிப்பு: எம்பிராய்டரி மெஷின் வாங்கியாச்சு
சிறுதொழிலுக்கு ஒற்றை ஊசி மெஷின் போதுமா, பல ஊசி வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் ஊசிக்கு ஒரு நிறமாக நூல் கோர்த்துவைக்கக்கூடிய 6 ஊசி மெஷினையே வாங்கினேன். வேகத்துக்காக இல்லை. ஒற்றை ஊசியில் நிறம் மாறும்போதெல்லாம் மெஷின் நிற்கும், நாம்தான் நூல் மாற்றிக் கோர்க்க வேண்டும். 5 நிற லோகோவை 20 சட்டையில் போட்டால் கிட்டத்தட்ட 100 தடவை! தொப்பிக்குத் தனி பிரேம் மாட்ட முடிவதும் ஒரு காரணம்.

அப்புறம், முதல் டி-ஷர்ட்டில் எம்பிராய்டரி போட்ட இடம் சுருங்கிப் போனது. பழியை மெஷின் மேல் போட்டேன், பாவம். டி-ஷர்ட் மாதிரி பின்னலாடைக்கு அடியில் கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் (துணி இழுபடாமல் தாங்கும் தாள்) வைத்தது என் தப்பு. வெட்டியெடுக்கும் வகைக்கு மாறியதும் சரியாகிவிட்டது.

மெஷினுக்கு டிசைனைக் கொடுக்கும் டிஎஸ்டி (DST) கோப்பில் நூலின் நிறம் பதிவாகாது. அதனால் நிற வரிசையைத் தாளில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.