ஜெர்மனியை விட்டு ஊருக்குத் திரும்புகிறேன், பென்ஷன் பணத்தை என்ன செய்வது?

குளிர்தாங்கி:
வணக்கம். இங்கே 55 மாதம் வேலை பார்த்தாகிவிட்டது, இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு இந்தியா திரும்புகிறோம். ரென்டன்ஃபெர்சிஷெருங்கில் (ஜெர்மன் அரசு பென்ஷன் காப்பீடு) இருந்து வந்த தாளில் 51 மாதம்தான் இருக்கிறது, முதல் கம்பெனியின் 4 மாதத்தைக் காணோம். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்கிறார்களே, கிளம்பும்போதே வாங்க முடியுமா? அதற்கு முன் இந்தியாவில் 6 வருடம் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள்.

பழைய_ரசீது:
கிளம்பும்போது கிடைக்காது. கடைசியாகக் கட்டியதில் இருந்து 24 மாதம் போக வேண்டும், அப்புறம்தான் பணத்தைத் திரும்பக் கேட்கும் வி0900 படிவம். அதுவும் உங்கள் சம்பளத்தில் பிடித்த பாதிதான் வரும், கம்பெனி கட்டிய பாதி வராது, வட்டியும் கிடையாது. ஜெர்மனியில் 60 மாதம் கட்டிவிட்டால் இந்த வழியே மூடிவிடும், வயதான பிறகு பென்ஷனாகத்தான் வாங்கலாம்.

ஆனால் முதலில் அந்த 4 மாதத்தைப் பாருங்கள். கம்பெனி வருடா வருடம் தரும் சமூகக் காப்பீட்டுத் தாளின் நகலை வைத்து, கணக்கைச் சரிசெய்யச் சொல்லி இப்போதே எழுதுங்கள். நான் ஊருக்குப் போய் ஒரு வருடம் கழித்துத் தேடினேன், அந்தச் சின்னக் கம்பெனியே மூடிப்போயிருந்தது. நல்லவேளை, சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப்போடவில்லை.

திண்ணைக்கிழவன்:
தம்பி, திரும்ப வாங்குவதே சரியா என்று யோசியுங்கள். 2017 மே 1 முதல் இந்தியா-ஜெர்மனி ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, தகுதி பார்க்கும்போது இரண்டு நாட்டு மாதங்களையும் கூட்டுவார்கள். உங்களுக்கு 72-உம் 55-உம் சேர்ந்து 127. பென்ஷனுக்கு ஜெர்மனி கேட்கும் 60-உம் தாண்டிவிட்டது, இபிஎஸ் (பிஎஃப்போடு சேர்ந்த இந்திய பென்ஷன் திட்டம்) கேட்கும் 10 வருடமும் தாண்டிவிட்டது. ஆனால் பணம் தருவது அவரவர் நாட்டு மாதங்களுக்கு மட்டும்தான், ஜெர்மனி 55-க்கு, இந்தியா 72-க்கு. இங்கே பணத்தை வாங்கிவிட்டால் அந்த 55 மாதமும் அழிந்துபோகும், அதோடு இந்தியப் பக்கத்துக் கூட்டலும் போச்சு. அவசரத் தேவை இருந்தால் வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள். 1964-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் இங்கே 67 வயது வரை காத்திருக்க வேண்டும், அது கொஞ்சம் நீளம்தான்.

அது சரி, பிஎஃப்பை எடுத்தபோது 10சி படிவம் போட்டு பென்ஷன் பகுதியையும் எடுத்துவிட்டீர்களா?

குளிர்தாங்கி:
இல்லை ஐயா, சோம்பேறித்தனத்தில் விட்டுவைத்தேன், பிஎஃப் மட்டும்தான் எடுத்தேன்.

திண்ணைக்கிழவன்:
சோம்பேறித்தனம் காப்பாற்றியது, அந்த 72 மாதமும் அப்படியே இருக்கிறது! அதற்கான சான்றாக ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள்.

குளிர்தாங்கி:
முதல் கம்பெனித் தாள் பழைய மெயிலில் கிடைத்துவிட்டது, இன்றே தபாலில் அனுப்புகிறேன்.