வலைப்பக்கப் பின்னணி, திரையின் அகலம் முழுவதும் விரிய வழி சொல்லுங்கள்

வணக்கம். மொரீஷியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயிலின் தைப்பூசக் காவடி வலைப்பக்கத்தைத் தமிழிலும் பிரெஞ்சிலும் அமைத்து வருகிறேன். வேர்ட்பிரஸ் வார்ப்புரு (தீம்) எல்லாவற்றையும் 1100 பிக்சல் அகலப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறது. எழுத்து அங்கேயே இருக்கட்டும். கொடியேற்றம், பால்குடம், காவடி என ஒவ்வொரு பகுதியின் மஞ்சள் பின்னணி மட்டும் திரையின் இரு ஓரங்களையும் தொட வேண்டும்.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 100விடபிள்யூ (ஒரு விடபிள்யூ என்பது திரை அகலத்தில் நூறில் ஒரு பங்கு), இடது மார்ஜின் 50%இலிருந்து 50விடபிள்யூ கழித்தது என்று கொடுத்திருக்கிறேன். கைபேசியில் அழகாக விரிகிறது. விண்டோஸ் கணினியில் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது. 100விடபிள்யூ அங்கே செங்குத்து ஸ்க்ரோல் பட்டையின் அகலத்தையும் சேர்த்துக்கொள்வதே காரணம். வெளிப்பெட்டிக்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன்' (பக்கவாட்டில் வழிவதை மறைப்பது) கொடுத்தால் நகர்வு நிற்கிறது. ஆனால் 'ஸ்டிக்கி'யாக மேலே நிற்க வேண்டிய பூசை நேரப் பட்டியல் ஒட்டாமல் போய்விடுகிறது. விரதம் இருப்பவர்கள் முதலில் தேடுவதே அந்தப் பட்டியலைத்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

'ஹிட்டன்' இருந்த இடத்தில் 'க்ளிப்' போட்டால் இரண்டும் சரியாகின்றன. கோயிலில் உள்ள பழைய கணினியின் பிரவுசர் மட்டும் அதை ஏற்கவில்லை. வார்ப்புருவின் பெட்டியையே மூன்று நெடுவரிசை கொண்ட கிரிட்டாக (கட்ட அமைப்பாக) மாற்றி, விடபிள்யூ இல்லாமல் இதைச் செய்தவர்கள் இருந்தால், நிரல் வரிகளை இங்கே பகிருங்கள்.