"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" – இந்தக் கேள்வியோடு உங்கள் அனுபவங்கள்

குடும்ப மருத்துவர், மதுரை:
எங்கள் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் முதலில் கேட்பது இதைத்தான். "ஆமாங்க டாக்டர்" தவிர வேறு பதில் வந்து நான் பார்த்ததில்லை. சமீபத்தில் ஓர் அம்மா, பிபி 170/100. பயிற்சி டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கேட்டேன்: "வீட்டு வேலைக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்கிறதுதாம்மா. போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" சிரித்துக்கொண்டே, "கால் வீங்குச்சு டாக்டர், நானே நிறுத்திட்டேன்" என்றார். அவர் போட்டுவந்த பிபி மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குச் செய்கிற வேலை அது. கூடுதல் மாத்திரை தேவைப்படவில்லை, வேறு வகைக்கு மாற்றினோம்.

எனலாப்ரில் என்ற பிபி மாத்திரை என்றால் வறட்டு இருமல், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை என்றால் வயிற்றுப்போக்கு, நீர் மாத்திரை என்றால் அடிக்கடி சிறுநீர் வந்து பஸ் பயணம் போச்சு. புத்தகத்தில் இவை பக்கவிளைவுகள். நோயாளிக்கு இவைதான் மருந்தை நிறுத்தும் காரணங்கள். பயிற்சியில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்லித்தருகிறேன். வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோய்க்காரர்களில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தை முறையாக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. நம் ஊரில் மட்டும் எல்லாரும் "ஆமாங்க டாக்டர்" ஆகிவிடுவார்களா?

மகள், தருமபுரி:
அப்பாவுக்குச் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். ஆனால் "இலவச மாத்திரைக்கு வீரியம் கம்மி" என்று பீரோவில் அடுக்கிவைத்துவிட்டு, கையில் காசு இருக்கும் மாதம் மட்டும் கடையில் வாங்கிப் போடுவார். எங்களுக்கே தெரியாது. புதிதாக வந்த டாக்டர், "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க ஐயா" என்றார். மேசையில் கொட்டியதும் குட்டு வெளிப்பட்டது! அவர் திட்டவில்லை. இரண்டு அட்டையிலும் மெட்ஃபார்மின் 500 என்று இருப்பதை அப்பாவையே வாசிக்க வைத்தார். "சரி, வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட எதை எப்பப் போடணும்னு எப்படிச் சொல்வீங்க? எங்கிட்ட ஒருதடவை சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டார். முதல்முறை அப்பா தப்பாகச் சொன்னார். அதைத் திருத்தியபின்தான் எழுந்திருக்க விட்டார்.

அரசு மருத்துவர்:
எல்லாம் நல்லதுதான். புறநோயாளிப் பிரிவில் வாசல் வரை வரிசை நிற்கும்போது பையைக் கொட்டிப் பார்க்க நேரம் எங்கே? பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மதுரை மருத்துவர், பதில்:
உண்மைதான் டாக்டர். அங்கே "எத்தனை நாள் விட்டுப்போச்சு, போட்டால் உடம்புக்கு என்ன செய்யுது" என்ற இரண்டு கேள்வி போதும். அதையும் நர்ஸே கேட்கட்டும், எடை பார்க்கும் நேரத்தில். நம்மிடம் மறைப்பதை அவர்களிடம் சொல்லிவிடுவார்கள். பிபி பார்க்கும்போது மட்டும் கேட்க வேண்டாம், பேசினால் அளவு ஏறிவிடும்.