ராஜராஜனா, ராஜேந்திரனா? கொஞ்சம் கைகொடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம், டர்பனிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் சிவிலைசேஷன் 6 என்ற, ஒரு தலைவரை எடுத்து நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டுக்குச் சோழ நாட்டை ஒரு மோடாக, அதாவது ஆடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பகுதியாகச் செய்கிறான். அந்த விளையாட்டில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஜூலு அரசர் ஷாகா தலைவராக இருக்கிறார். 1893-இல் இங்கே வந்திறங்கிய காந்தியும் இருக்கிறார். சோழன் இல்லை என்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

இப்போது தலைவர் யார் என்பதில்தான் சண்டை. ஷாகாவை எடுத்தால் படைகளை மற்றவர்களுக்கு முன்பே ஒன்றாகச் சேர்த்துவிடலாம். தலைவருக்கென்றே இருக்கும் அந்த ஒரு சிறப்புத் திறனிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அப்படி ஒன்று வேண்டும்.

எனக்கு ராஜராஜன்: 1010-இல் முடிந்த பெரிய கோயில், ஊர் ஊராக நிலம் அளந்த கணக்கு. விளையாட்டில் கலையாலும் பண்பாட்டாலும் ஜெயிக்கும் பண்பாட்டு வெற்றிக்கு ஏற்ற ஆள். பையனுக்கோ ராஜேந்திரன்தான், கடல் கடந்து போன 1025 கடாரப் படையெடுப்புதான். அவருடைய கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியில் வரும் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்பதையே திறனின் பெயராக வைக்கலாம் என்கிறான். உண்மையில் நல்ல யோசனை, அவனிடம் சொல்லவில்லை. ஆனால் வெறும் கடற்சண்டைக்காரனாக அவரைக் குறுக்கவும் மனம் வரவில்லை. சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டியவரும் அவர்தானே?

கப்பலையும் ஏரியையும் ஒரே திறனில் எப்படிச் சேர்ப்பது? மோட் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தலைவர் பேசும் நாலைந்து வசனங்களைப் பழைய தமிழில் எழுதி, வாசித்தும் தர யாராவது முடியுமா? எங்கள் வீட்டில் யார் வாசித்தாலும் ராஜேந்திரன் டர்பன்காரராகிவிடுகிறார்.